புகை அலாரத்தை எங்கே மாட்டுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். திருச்சியில் மாடி வீடு. கீழே ஹால், சமையலறை, அதை ஒட்டிப் பூஜையறை, வயதான அம்மாவின் படுக்கையறை. மேலே சின்ன முன்கூடமும் இரண்டு படுக்கையறைகளும். விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்த மகள், பேட்டரியில் ஓடும் மூன்று புகை அலாரங்களைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். எலெக்ட்ரீஷியன் ஒன்றைச் சமையலறையிலும், ஒன்றைப் பூஜையறை வாசலிலும், இன்னொன்றை ஹாலின் நடுவில் மின்விசிறிக்குப் பக்கத்திலும் மாட்டிவிட்டுப் போய்விட்டார். தாளிக்கும்போதெல்லாம் முதலாவது அலறுகிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் இரண்டாவது அலறுகிறது. மூன்றாவது இதுவரை வாயே திறக்கவில்லை. பதினைந்தாம் நாள் மூன்றின் பேட்டரியையும் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டீர்கள். இனி எங்கே மாட்டலாம் என்று கேட்கிறீர்கள்.

இருபது வருடங்களுக்கும் மேலாக ஹோட்டல்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தீ எச்சரிக்கைக் கருவிகள் பொருத்துவதே என் பிழைப்பு. உங்கள் எலெக்ட்ரீஷியன் செய்ததை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன், அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. நெருப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதானே காவல் வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அடுப்பு எரியும்போது பக்கத்தில் ஆள் நிற்கிறார். விளக்கு எரியும்போதும் ஆள் இருக்கிறார். விழித்திருப்பவருக்குக் கண்ணும் மூக்கும் போதும். இந்தக் கருவி தூங்குகிறவருக்காகச் செய்யப்பட்டது. தூக்கத்தில் மூக்கை நம்ப முடியாது. புகை வாசனை தட்டி எழுப்பிவிடும் என்பது பலருடைய நம்பிக்கை, அது தவறு. புகையோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, அது தூக்கத்தை இன்னும் ஆழமாக்கிவிடும். தூக்கத்திலும் ஓரளவு வேலை செய்வது காதுதான். ஆகவே அலாரத்தை நெருப்பைத் தேடி மாட்டாதீர்கள், கட்டிலைத் தேடி மாட்டுங்கள்.

அமெரிக்காவில் இதற்கு என்எஃப்பிஏ 72 என்ற விதிநூல் இருக்கிறது. உங்கள் கருவியோடு வந்த சின்னத் தாளில் இருப்பதும் பெரும்பாலும் அதன் சாரமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று, வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது ஒன்று. உங்கள் வீட்டுக்கு இந்தக் கணக்கில் ஐந்து வேண்டும். அம்மாவின் அறைக்கு ஒன்று, மேல் அறைகளுக்கு இரண்டு, மாடி முன்கூடத்துக்கு ஒன்று, கீழே ஹாலில் அம்மாவின் அறை வாசலுக்கு ஒன்று. கையில் இருப்பது மூன்று என்பதால் முந்தியது எது, பிந்தியது எது என்று பார்த்துவிடலாம்.

முதல் அலாரத்தை மாடி முன்கூடத்தில், இரண்டு படுக்கையறைக் கதவுகளுக்கும் நடுவே மாட்டுங்கள். கூரையிலா சுவரிலா என்பதைப் பின்னால் சொல்கிறேன். கீழே எங்கே தீப்பிடித்தாலும் புகை மாடிப்படி வழியாகத்தான் ஏறும். புகைக்கு நம் வீட்டு மாடிப்படி ஒரு புகைபோக்கி மாதிரி. மேலே தூங்குகிறவர்கள் இறங்கித் தப்ப வேண்டிய வழியும் அதுதான். புகை அந்த வழியை அடைப்பதற்குள் சத்தம் வந்தாக வேண்டும். ஒரு எச்சரிக்கை: மாடிப்படி அதோடு நிற்காமல் மொட்டை மாடிக்கும் ஏறும் அல்லவா, அந்த உச்சியில் இருக்கும் ஹெட்ரூமில் மாட்டிவிடாதீர்கள். உயரமான இடம், புகை அங்கேதான் போய்ச் சேரும் என்று வாதாடுவார்கள். சேரும். ஆனால் அங்கே அடிக்கும் சத்தம் மூடிய கதவுக்குள் தூங்குகிறவருக்கு எட்டாது. மேலும் வீட்டு அலாரங்கள் பொதுவாக 4 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரையிலான இடங்களுக்கென்று செய்யப்படுபவை. சித்திரை மாதத்து ஹெட்ரூம் எத்தனை டிகிரி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, கீழே அம்மாவின் அறை வாசலுக்கு வெளியே, ஹாலில். சமையலறைக்கும் அவர் அறைக்கும் இடையில் வர வேண்டும். அதே சமயம் அடுப்பிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும், இன்னும் தள்ளி இருந்தால் நல்லது. மூன்றாவது, அம்மாவின் அறைக்கு உள்ளேயே. வீட்டில் எழுந்து ஓட முடியாதவர் அவர்தான். கொசுவத்தி, தலைமாட்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதில் சொருகிய ஹாட் பேக், பழைய பஞ்சு மெத்தை என்று, தீ அறைக்குள்ளேயே தொடங்க ஏதுவான சாமான்களும் பெரும்பாலும் முதியவர்கள் அறையில்தான் இருக்கும். கொசுவத்தி விழுந்து மெத்தையில் பற்றினால் உடனே சுடர் வராது, மணிக்கணக்கில் கனிந்து புகைந்துகொண்டிருக்கும். கதவு மூடியிருந்தால் அந்தப் புகை ஹாலுக்கு வந்து அங்கிருக்கும் அலாரத்தை எழுப்புவதற்குள் அறைக்குள் மூச்சு முட்டிவிடும். அறைக்குள் ஒன்று வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

மூடிய கதவைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே தீ என்றால் மூடிய கதவு பெரிய பாதுகாப்பு, சூட்டையும் புகையையும் நிறைய நேரம் தடுக்கும். ஆகவே கதவைத் திறந்து வைத்துத் தூங்கச் சொல்லாதீர்கள். கதவு மூடியிருக்கட்டும், உள்ளே அலாரம் இருக்கட்டும்.

இனி அறைக்குள் எந்த இடம் என்பது. நம் வீடுகளில் இங்கேதான் தகராறு, காரணம் மின்விசிறி. தண்ணீர் தொட்டியில் கீழிருந்து நிரம்புவதுபோல, சூடான புகை கூரையிலிருந்து கீழ்நோக்கி நிரம்பும். கூரையின் நடுப்பகுதியே சிறந்த இடம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஆனால் அந்த நடுவில் நமக்கு மின்விசிறி தொங்குகிறது, அதுவும் ராத்திரி முழுக்கச் சுற்றுகிறது. சுற்றும் காற்று புகையை அடித்துக் கலைத்துவிடும், கருவிக்குள் நுழைய விடாது. உங்கள் ஹாலில் மூன்றாவது அலாரம் வாயே திறக்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும். மின்விசிறி இறக்கையின் நுனியிலிருந்து 3 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி.

இதை ஒரு முறை தாளில் போட்டுப் பாருங்கள். அறை 10க்கு 10. மின்விசிறி வழக்கமான 48 அங்குலம், அதாவது நடுவிலிருந்து இறக்கை நுனிவரை 2 அடி. அதற்கு மேல் 3 அடி விடச் சொன்னால் நடுவிலிருந்து 5 அடி ஆகிவிட்டது. நடுவிலிருந்து சுவரும் 5 அடிதான். ஆக, கூரையில் மிஞ்சுவது நான்கு மூலைகள் மட்டுமே. ஒரு மூலையில் இரண்டு சுவர்களிலிருந்தும் ஓர் அடி தள்ளிப் புள்ளி வைத்தால், அது மின்விசிறியின் நடுவிலிருந்து ஐந்தரை அடிக்குச் சற்று அதிகம். சரியாக அமைந்துவிடும். ஆனால் எந்த மூலை? குளியலறைக் கதவுக்கு மேல் வேண்டாம், வெந்நீர் ஆவி உள்ளே போனால் வீணாகக் கத்தும், அதற்கும் 3 அடி தள்ளி இருக்க வேண்டும். ஏசி ஊதும் பக்கமும் வேண்டாம், அதற்கும் அதே 3 அடி. பரணுக்கு அடியில் மாட்டவே கூடாது, புகை பரணுக்கு மேலே போய்க் குவியுமே தவிர உடனே கீழே வராது. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் பெரும்பாலான அறைகளில் ஒரே ஒரு மூலைதான் நிற்கும். அதுதான் இடம், யோசிக்க ஒன்றும் இல்லை. பெரிய அறை என்றால் இந்தச் சிக்கல் கிடையாது.

மூலை என்று சொன்னதும் சுவரும் கூரையும் சேரும் இடுக்கில் அப்பிவிடாதீர்கள். அந்த இடுக்கில் காற்றோட்டம் தேங்கும் என்பதால் 4 அங்குலமாவது விடச் சொல்வது வழக்கம். தாராளமாக ஓர் அடி விடுங்கள். சுவரில் மாட்டுவதானால் கருவியின் மேல்விளிம்பு கூரையிலிருந்து 12 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். சுவிட்ச் பலகை உயரத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி மாட்டியிருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். புகை அந்த உயரத்துக்கு இறங்கி வரும்போது நின்றுகொண்டிருப்பவர் மூச்சுவிட முடியாது.

எப்போது கூரை, எப்போது சுவர்? இது வெளிநாட்டுத் தாள்களில் ஒரு வரியில் வந்துபோகும் விஷயம், நமக்கோ முக்கியமானது. உங்கள் மாடி அறைகளுக்கு மேலே நேராக மொட்டை மாடி. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். கூரையை ஒட்டி ஒரு சூடான காற்றுப் படலம் நிற்கும். பெரிய நெருப்பின் புகை அதைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும். கனிந்து புகையும் சிறிய நெருப்பின் புகைக்கு அவ்வளவு வேகம் இல்லை, அது அந்தப் படலத்துக்குக் கீழேயே பரவி நின்றுவிடும், கூரையில் ஒட்டியிருக்கும் அலாரத்தைத் தொடாது. இப்படிப்பட்ட அறைகளில் உள்சுவரில், கூரைக்கு ஓர் அடிக்குள் மாட்டுங்கள். உள்சுவர் என்றால் வெயில் படும் வெளிச்சுவர் இல்லாமல் இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவர். ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை போட்ட அறைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். மாடி முன்கூடத்துக்கு மேலேயும் மொட்டை மாடிதான் என்றால் அங்கேயும் இப்படியே மாட்டுங்கள், மேல் அறைகளுக்கென்று இன்னும் இரண்டு வாங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். கீழ்த்தளத்துக்கு இந்தக் கவலை இல்லை, கூரையிலேயே மாட்டலாம்.

சமையலறைக்கு வருகிறேன். அங்கே புகை அலாரம் வேண்டவே வேண்டாம். நாம் சமைப்பது அப்படி. காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாயும் விழுந்தால் எழுவதும், தோசைக்கல்லில் எண்ணெய் தடவும்போது எழுவதும் புகைதான். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை, அது தன் வேலையைத்தான் செய்கிறது. ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால் வெப்ப அலாரம் என்று தனியாகக் கிடைக்கிறது. அது புகையைக் கண்டுகொள்ளாது. கூரை மட்டத்தில் சூடு ஏறக்குறைய 57 டிகிரியைத் தொட்டால்தான் அடிக்கும். ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து எல்லா வீடுகளிலும் சமையலறைக்கு வெப்ப அலாரம், ஹாலுக்கும் நடைவழிகளுக்கும் புகை அலாரம், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து அடிக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

எரிவாயுக் கசிவை இந்த இரண்டில் எதுவும் கண்டுபிடிக்காது. கேஸ் கசிந்தால் அடிக்கும் என்று நம்பிப் புகை அலாரம் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அதற்கென்று தனிக் கருவி உண்டு, மாட்டும் இடமும் நேர் எதிர். சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். ஆகவே கேஸ் அலாரம் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது என்பதால் அதற்கு மட்டும் மேலே. உங்கள் வீட்டில் சிலிண்டர் என்பதால் கீழே.

பூஜையறை வாசலில் இருப்பதையும் கழற்றிவிடுங்கள். ஹாலில் மாட்டப்போவது பூஜையறையிலிருந்தும் முடிந்தவரை தள்ளியே இருக்கட்டும். அப்படியும் சாம்பிராணிக்கு ஒன்றிரண்டு முறை கத்தலாம். அநேகமாக உங்கள் கருவியில் தற்காலிகமாக வாயை அடைக்கும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சில நிமிடங்கள் சும்மா இருந்துவிட்டுத் தானாகவே மறுபடியும் காவலுக்கு வந்துவிடும். பேட்டரியைக் கழற்றுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அமெரிக்காவில் வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஐந்தில் மூன்று பேர், அலாரமே இல்லாத அல்லது இருந்தும் வேலை செய்யாத வீடுகளில்தான் இறக்கிறார்கள். வேலை செய்யாததற்கு முதல் காரணம் கழற்றிய பேட்டரி. கழற்றியதற்குப் பெரும்பாலும் காரணம் தவறான இடம்.

மகள் கொண்டுவந்தவை எந்த வகை என்று ஒரு முறை திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் அமெரிசியம் 241 என்றும் கதிரியக்கக் குறியும் இருந்தால் அது அயனி வகை. வெறும் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களை இது சட்டென்று பிடிக்கும், அதாவது சுடர்விட்டு எரியும் தீயையும், நம் தாளிப்பையும். 1930களில் சுவிட்சர்லாந்தில் வால்டர் யேகர் என்ற இயற்பியலாளர் விஷவாயுவைக் கண்டறியக் கருவி செய்யப் பார்த்தார். விஷவாயுவுக்கு அது அசையவில்லை, அவர் பற்றவைத்த சிகரெட்டுக்கு அசைந்தது என்பார்கள். அதன் வழி வந்ததுதான் இது. அந்தக் குறி இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒளி வகை. உள்ளே இருட்டறையில் ஒரு கதிர் ஓடும், புகை நுழைந்தால் ஒளி சிதறி உணரியின் மேல் விழும். கனிந்து புகையும் மெத்தை, பஞ்சு, வயர் ஆகியவற்றை இதுதான் முந்திக் கண்டுபிடிக்கும், தாளிப்புக்கும் அவ்வளவு துள்ளாது. மூன்றில் ஏதாவது ஒன்று அயனி வகையாக இருந்தால் அதை மாடி முன்கூடத்துக்குக் கொடுங்கள். அம்மாவின் அறைக்கும் ஹாலுக்கும் ஒளி வகையே இருக்கட்டும். இனி வாங்குவதையும் ஒளி வகையாகவே வாங்குங்கள்.

வாங்கும்போது ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. நம் ஊர் மின்சாதனக் கடைகளில் ஸ்மோக் டிடெக்டர் என்று கேட்டால் பல சமயம் கொடுப்பது அலுவலகக் கட்டடங்களுக்கானது. 24 வோல்ட்டில் ஓடும் அது, புகையைக் கண்டால் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். பெட்டி இல்லாவிட்டால் குட்டிச் சிவப்பு விளக்கு எரிந்தாலே அதிகம், சத்தம் வராது. ஒரு நண்பரின் வீட்டில் இப்படி நான்கு, வயரே இல்லாமல் கூரையில் அழகாக ஒட்டியிருந்தன. தனக்குள்ளேயே ஒலிப்பான் இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்று கேட்டு, கடையிலேயே பொத்தானை அழுத்திக் காது கூசுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மகளிடம் மறுபடியும் சொல்லி அனுப்புவதானால் பேட்டரி வகையாகவே சொல்லுங்கள். அங்கே வீட்டு மின்சாரத்தில் இணைக்கும் வகையும் கிடைக்கும், அது 120 வோல்ட்டுக்கானது, நம் 230இல் கொடுத்தால் அதுவே புகையும்.

முடிந்தால் ஒன்றோடொன்று வயர்லெஸ்ஸாகப் பேசிக்கொள்ளும் வகையை வாங்குங்கள். கீழே ஹாலில் ஒன்று புகையைக் கண்டால் மேலே இருப்பதும் சேர்ந்து அடிக்கும். வீட்டு அலாரத்தின் சத்தம் 10 அடி தூரத்தில் 85 டெசிபல் என்பது கணக்கு. ஒரு தளத்தையும் மூடிய கதவையும் ஏசி இரைச்சலையும் தாண்டி வந்தால் அதில் மிஞ்சுவது சொற்பம். ஒரே மாதிரி கருவிகள் தவிர, வேறுவேறு கம்பெனிப் பொருள்கள் பொதுவாக ஒன்றோடொன்று பேசாது என்பதையும் கவனியுங்கள்.

அம்மாவின் காது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். வழக்கமான அலாரத்தின் சத்தம் கீச்சென்று, 3,000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். வயதானால் முதலில் மங்குவது அந்த உயர்ந்த சுருதிதான். பேச்சு கேட்கிற பாட்டிக்கு அலாரம் கேட்காமல் போகலாம். குழந்தைகளும் இந்தச் சத்தத்துக்கு எழாமல் புரண்டு படுப்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். காது மங்கியவர்களுக்கென்று 520 ஹெர்ட்ஸில் தடித்த குரலில் அடிக்கும் அலாரங்கள் இருக்கின்றன. விலை கூடுதல். அது கிடைக்கும்வரை, அம்மாவின் அறையில் அடிப்பது உங்களுக்கு மாடியில் கேட்க வேண்டும், அவரை எழுப்புவது உங்கள் பொறுப்பு. ஐந்தில் இரண்டையாவது இணைத்து வாங்க முடிந்தால், அம்மாவின் அறைக்கும் மாடி முன்கூடத்துக்கும் அந்த இரண்டைக் கொடுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்துங்கள். ஒட்டடை அடிக்கும்போது கருவியைச் சுற்றி மென்மையான தூரிகையால் துடையுங்கள். நம் ஊரில் அதற்குள் குட்டிச் சிலந்தி குடியேறும், அப்போது நடுராத்திரியில் காரணமில்லாமல் கத்தும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றி வையுங்கள், மேலே பெயின்ட் பட்டால் அது முடிந்தது. பட்டி தேய்க்கும் தூசிக்கும் அப்படியே. அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு முறை சின்னதாகக் கீச்சென்றால் பேட்டரி தீர்கிறது என்று பொருள். விடியற்காலையில்தான் அது தொடங்கும், குளிரில் பேட்டரி இன்னும் சோர்வதால். தயாரித்த தேதியிலிருந்து 10 வருடம் ஆனால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். தேதி பின்பக்கம் இருக்கும்.

மாட்டி முடித்த அன்று ராத்திரி ஒன்று செய்யுங்கள். எல்லோரும் வழக்கம்போலக் கதவைச் சாத்திப் படுக்கட்டும், மின்விசிறியும் ஏசியும் ஓடட்டும். நீங்கள் மட்டும் கீழே வந்து ஹால் அலாரத்தின் பொத்தானை அழுத்துங்கள். பிறகு அம்மாவின் அறைக்குப் போய் அங்கிருப்பதையும் அழுத்துங்கள். மேலே இருப்பவர்களில் யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று காலையில் காப்பி குடிக்கும்போது விசாரியுங்கள். அடுத்த இரண்டு அலாரங்களை எந்த அறையில் முதலில் மாட்டுவது என்பது அப்போது தெரிந்துவிடும்.